கொடியும் விதானமும்: ஈனா த சில்வாவின் அணிக்கலை

அணி என்னும் சொல்லைக் கேட்டவுடன் உயர்தர வகுப்பு மாணவர்க்கு உவமையும் உருவகமும் நினைவிற்கு வருதல் இயல்பே. தண்டியலங்காரம் பயின்றார்க்கு அணி செய்யுளின் அழகு; பொற்கொல்லர்க்கு அது காதிலும் கழுத்திலும் பூட்டப்படுவது; படைத்தலைவர்க்கோ அது வகுத்து நிறுத்திய வரிசை. ஒரு சொல் இத்தனை பொருளையும் சுமந்து நிற்பது ஆராயத்தக்கது. அழகும் பூட்டும் ஒழுங்கும் நம் முன்னோர் கருத்தில் வேறு வேறாக இருக்கவில்லை போலும்.

இதனைக் கூர்ந்து நோக்கி உலகறியச் செய்தவர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி ஆவார். அணி பற்றி 1939-ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட ஆங்கிலக் கட்டுரையில், அலங்காரம் என்னும் வடசொல்லை எடுத்து ஆராய்கின்றார். அலம் என்பதற்குப் போதும் என்பது பொருள். ஆகவே ஒரு பொருளை அதன் பணிக்குப் போதுமானதாக ஆக்குவதே அலங்காரம். அதனைத் தேவைக்கு மேற்பட்ட பூச்சாக எண்ணியது பிற்காலத்தார் தடுமாற்றம் என்பது அவர் கொள்கை. நமக்கு இது புதியதன்று. சீலை கட்டாத தேர் வீதிக்குப் புறப்படுவதில்லை. சீலையும் தொம்பையும் தோரணமும் தேருக்கு மிகையானவை என்று எந்தக் கோயில் தருமகர்த்தாவும் கூறக் கேட்டதில்லை.

இக்கொள்கையை உரைகல்லாகக் கொண்டு ஒரு கலைஞரின் பணியை மதிப்பிட முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம். அவர் நம் மாத்தளை மாவட்டத்தவர். பழங்கொடி, வெற்றிலைப் பை, சீப்பு, பாக்குவெட்டி, விகாரைச் சுவர் முதலிய அணிப்பொருள்களிலிருந்து ஊற்றெடுத்து, துணி, மெழுகு, சாயம், நூல், பித்தளை, மரம் எனப் பல ஊடகங்களிற் பணி செய்தவர். ஈனா த சில்வா (1922-2015) என்னும் அப்பெருமாட்டியாரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை பல. தமிழில் அவர் பெயர் அரிதாகவே காணப்படுகின்றது. மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் பெருவீதியில் அன்றாடம் பேருந்தேறும் நம் மாணவர்க்குக் கூட, அலுவிகாரைக் குன்றின் மேல் ஒரு கைவினைக்கூடம் உண்டு என்பது தெரியாது. பல்லேபொலையில் ஆசிரியத் தொழில் புரியும் எமக்கு இது நெடுநாளாக உறுத்தலாகவே இருந்து வருகின்றது.

அலுவிகாரை எனின் பாளி மொழி கற்றோர் நினைவுக்கு வருவது வேறொன்று. வட்டகாமணி அபயன் காலத்தில், கி.மு. முதலாம் நூற்றாண்டில், வாய்மொழியாக வழங்கி வந்த திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்ட இடம் என மரபு கூறும் குகை விகாரை அது. அவ்வூரின் பெயரையே குடும்பப் பெயராகக் கொண்ட கண்டிப் பிரபு மரபில் பிறந்தவர் ஈனா. தந்தையார் சேர் றிச்சட் அலுவிகாரை, 1947-இல் பொலிஸ் மாஅதிபர் பதவியேற்ற முதல் இலங்கையர். கணவர் ஒஸ்மண்ட் த சில்வாவும் 1955-இல் அதே பதவியை ஏற்றவர். இத்தகைய குடியில் பிறந்து புகுந்த பெண்ணொருவர் கையைச் சாயத்தில் தோய்க்கும் தொழிலை மேற்கொண்டது 1960-களின் தொடக்கத்தில் வியப்பாகவே கருதப்பட்டிருத்தல் வேண்டும். கண்டி நாட்டிலே தொழிலும் குலமும் எவ்வளவு இறுகப் பிணைந்திருந்தன என்பதை அறிந்தோர் இவ்வியப்பின் அளவை உணர்வர்.

அவர் கைக்கொண்ட பழம்பொருள்கள் யாவை? இங்குச் சற்று நின்று நோக்குதல் தகும். மாத்தளை இவ்வகையில் வளமிக்க நாடு. இம்மாவட்டத்துக் கபுவிட என்னும் ஊரார் அரக்கு வேலையில் பெயர் பெற்றவர்கள். அரக்கைச் சூட்டில் இளக்கி, மெல்லிய இழையாக இழுத்து, மரத்தின் மேல் விரல் நகத்தாலேயே அழுத்திப் பதித்துக் கொடிவேலை செய்வர். தூரிகையும் இல்லை, உளியும் இல்லை, நகமே கருவி. தம்புள்ளைக் குகைகளின் ஓவியப்பணியில் ஈடுபட்ட நீலகம ஓவியர் குடியும் இம்மாவட்டத்தையே சார்ந்தது. அக்குகைகளிலே இன்று நாம் காணும் ஓவியங்களிற் பெரும்பகுதி கீர்த்தி சிறீ இராசசிங்கன் (1747-1782) காலத்துப் புதுக்கப்பணி. அம்மன்னன் தென்னாட்டு நாயக்கர் குலத்தவன் என்பதை மாணவர் மறத்தலாகாது. கண்டிக் கலை என்று நாம் வேலி கட்டிப் பேசுவது வரலாற்றின் முன் நில்லாது.

இவற்றையெல்லாம் முதன்முதல் முறையாகத் தொகுத்து எழுதியவரும் குமாரசுவாமியே. 1903 முதல் 1906 வரை கனியவள அளவைத் துறையின் தலைவராக இருந்து கல்லையும் மண்ணையும் ஆராய ஊரூராகச் சென்ற அத்தமிழர், அவ்வூர்களிலே கைவினைஞர் வறுமையுற்று அருகி வருதலைக் கண்டார். இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய அவருடைய பெருநூல் 1908-இல் வெளிவந்தது. அதனை அச்சிட்ட பொறி, இங்கிலாந்தில் வில்லியம் மொரிசு தம் நூல்களை அச்சிட்ட அதே பொறி. அச்சிட்ட படிகள் 425. நூலிலுள்ள நிழற்படங்கள் பலவற்றை எடுத்தவரும், தையல் வேலை பற்றிய பகுதிக்கு உழைத்தவரும் அவர் மனைவியார் எதெல் அம்மையார். நீலத்துணியில் சிவப்பும் வெள்ளையுமான நூலால் பூத்தைத்த வெற்றிலைப் பைகளை அந்நூற் படங்களிற் கண்டவர், கண்டிப் பெண்டிரின் ஊசிக்கு இருந்த துணிவை மறவார். வெளிவாரிப் பட்டத்தேர்வுக்கு இரவில் விளக்கெரித்துப் படித்த எம் போன்றோர்க்கு நூலகமே பல்கலைக்கழகம்; அந்நூலை அங்கே புரட்டிய நாட்களுக்கு யாம் கடமைப்பட்டுள்ளோம்.

பின்னர் 1916-இல் ஈ. டபிள்யூ. பெரேரா சிங்களக் கொடிகளையும் விருதுகளையும் தொகுத்துக் கொழும்பு நூதனசாலை வெளியீடாகத் தந்தார். சிங்கம், ஞாயிறு, திங்கள், அன்னம், மயில், இருதலைப் பறவையாகிய பேருண்டம் முதலிய உருவங்கள் கொடிதோறும் எழுதப்பட்டிருந்தமையை அந்நூல் காட்டும். ஈனாவின் பத்திக் துணிகளைக் காண்பார் இவ்வுருவங்களை மீண்டும் சந்திப்பர். எனினும் கொடிக்கும் அவர் துணிக்குமுள்ள உறவு, படத்திற்கும் படியெடுப்புக்குமுள்ள உறவன்று.

தமிழில் கொடி என்பது படரும் தாவரத்தையும் குறிக்கும், பறக்கும் துணியையும் குறிக்கும். சிங்களத்தில் முன்னது லியவெல. பின்னது கொடி என நம் சொல்லோடு ஒத்தே ஒலிக்கின்றது. கண்டி அணிக்கலையின் இரு பெரும் வித்துகள் இவ்விரண்டுமே என்றால் மிகையாகாது. லியவெல இடத்தை நிரப்பும். கதவுநிலை எவ்வளவு நீண்டாலும் அவ்வளவும் படர்ந்து, வளைவுதோறும் ஓர் இலையோ மலரோ ஈன்று, வெற்றிடம் விடாது செல்லும். கொடியாகிய துணியோ இடத்தைப் பிடிக்கும். அதில் ஓர் உருவே நடுவில் நிற்கும். கூட்டத்திற்கு அப்பால் நிற்பவனும் அது யாருடைய கொடி என்று ஒரே நோக்கில் அறிதல் வேண்டும். ஒன்று அருகிருந்து பார்ப்பதற்கு, மற்றொன்று தொலைவிலிருந்து படிப்பதற்கு. இவ்விரு இயல்புகளையும் ஒரே துணியில் இணைத்ததே ஈனாவின் தனித்திறன் என்பது எம் கருத்து. தொலைவிலிருந்து நோக்கின் ஒரு மயில் அல்லது ஒரு ஞாயிறு. நெருங்கிச் செல்லின் அம்மயிலின் உடலுக்குள் கொடியும் தளிரும் புள்ளியும் கோலமுமாக ஒரு காடு.

இதற்கு அவர் தேர்ந்த ஊடகம் பத்திக். அது சாவகத்தில் செழித்த கலை, கண்டிக்கு உரியதன்று. மெழுகிட்ட இடத்தைச் சாயம் பற்றாது என்பதே அதன் முழு இரகசியம். வெண்துணியில் வெள்ளையாகவே நிற்க வேண்டிய பகுதிகளை முதலில் உருக்கிய மெழுகால் மூடி மஞ்சட் சாயத்தில் தோய்ப்பர். மஞ்சளாக நிற்க வேண்டியவற்றை அடுத்து மூடிச் சிவப்பில் தோய்ப்பர். இவ்வாறு வெளிறிய நிறத்திலிருந்து கருநிறம் நோக்கிச் சென்று, முடிவில் கொதிநீரிலிட்டு மெழுகை அகற்றுவர். இடையில் பிழை நேரின் திருத்தவியலாது. ஓவியன் நிறத்தின் மேல் நிறம் பூசி மறைப்பது போல இங்கு மறைக்க இடமில்லை. மெழுகு வெடித்த இடங்களில் மட்டும் சாயம் நுழைந்து நரம்பு போன்ற மெல்லிய கோடுகளை இழைத்துவிடும்.

அயல்நாட்டு முறையைக் கொண்டு கண்டி உருவங்களை எழுதுவது கலப்படமன்றோ என்பார் உளர். அன்று என்பதற்குக் காரணம் கூறுவோம். பழைய கொடிகள் துணியைத் துணி மேல் வெட்டித் தைத்தும் வண்ணம் தீட்டியும் செய்யப்பட்டன. கொடி காற்றில் திரும்புவது. இரு புறமும் அதற்கு முகமே. வண்ணம் தீட்டிய துணியின் பின்புறம் மங்கும். வெட்டித் தைத்ததற்கு இருபுறமும் வேலை வேண்டும். வேலை மிகின் கொடி கனத்துத் தொங்கும். பத்திக் துணியிலோ சாயம் நூலின் உள்வரை ஊறுவதால் முன்னும் பின்னும் ஒன்றே, துணியும் கனப்பதில்லை, பின்னிருந்து ஒளி வரின் நிறம் எரிவது போலத் தோன்றும். கொடி எதனை விரும்பிற்றோ அதனைப் பத்திக் கொடுத்தது. பழம்பொருளின் உருவத்தை மட்டும் பார்த்தவர் அதே பொருளால் அதே அளவில் அதனை மீண்டும் செய்து பார்த்திருப்பர். அதன் பணியைப் பார்த்தவரே ஊடகத்தை மாற்றத் துணிவர். குமாரசுவாமி கூறிய ‘போதுமை’ இங்கே செயலாகின்றது.

இனி அவருடைய பணிகளுள் தலையாயதைக் காண்போம். கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா வகுத்த பெந்தோட்டைக் கடற்கரை விடுதி 1969-இல் எழுந்தது. பழைய ஒல்லாந்தர் கோட்டை இருந்த மேட்டில், கருங்கல் அடித்தளத்தின் மேல் அமைந்தது அது. இருண்ட கற்படிகளில் ஏறி வரவேற்புக் கூடத்தை அடைபவர் அண்ணாந்து நோக்கின், மரவுத்தரங்களுக்கிடையே கூரை முழுவதும் பத்திக் துணிகளாலாய விதானம். அதனைச் செய்தளித்தவர் ஈனா. கல்லின் கருமையிலிருந்து வெளிப்பட்ட கண்ணுக்கு அந்நிறங்கள் எவ்வாறு தோன்றும் என்பதைக் கட்டடக் கலைஞரும் துணிக்கலைஞரும் சேர்ந்தே எண்ணியிருத்தல் வேண்டும்.

துணியைத் தலைக்கு மேற் கட்டுதல் புதிய கற்பனையா? யாழ்ப்பாணத்தவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. மங்கலத்திற்கும் அமங்கலத்திற்கும் வீட்டின் மேற்புறத்தே வெள்ளை கட்டுதல் நம் வழக்கம். கோயிலில் மூர்த்திக்கு மேல் பட்டு விதானம். சிங்களர் விகாரையிலும் வியன் என்னும் பெயரால் அதே துணி புத்தர் படிமத்தின் மேற் கட்டப்படும். விதானமும் வியனும் ஒரு வேர்ச்சொல்லின. தலைக்கு மேல் துணி வந்தவுடன் அதன் கீழ்ப்பட்ட இடம் மற்ற இடங்களினின்று பிரிக்கப்பட்டுச் சிறப்புறுகின்றது. இதன் உச்சம் தம்புள்ளையிலே உள்ளது. அக்குகைகளின் பாறைக்கூரை சமனற்றது. அதனைச் செதுக்கிச் சமமாக்காமல், மேடுபள்ளங்களின் மேலேயே ஓவியர் கட்டங்களும் உருவங்களும் எழுதிச் சென்றனர். கீழிருந்து நோக்குபவர்க்குப் பாறை தோன்றாது. காற்றில் அலைந்து தொய்ந்த பெரியதொரு பூந்துகில் விரித்துக் கட்டப்பட்டிருப்பதாகவே தோன்றும். அங்கே கல் துணியாயிற்று. பெந்தோட்டையில் துணி மீண்டும் துணியாயிற்று என்னலாம். மாத்தளைப் பெண்மணி ஒருவர்க்கு அவ்விதானம் எங்கிருந்து வந்தது என்று தேட நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை.

ஆயினும் ஒரு தடை எழும். அதனைத் தட்டிக்கழித்தல் நேர்மையன்று. விகாரையிலும் கோயிலிலும் விதானத்தின் கீழ் இருப்பது தெய்வம். திசாவையின் கொடியின் கீழ் நடப்பது அதிகாரம். சுற்றுலா விடுதியில் அதன் கீழ் இருப்பவர் யார்? பணம் செலுத்தி இரண்டிரவு தங்கிச் செல்லும் பிரயாணி. 1966-இல் சுற்றுலாச் சபை தோன்றிய பின் நாட்டின் பழங்கலைகளுக்கு ஆதரவாளராக வந்தவர்கள் இவர்களே. அரசன் போனான், 1815-க்குப் பின் அரண்மனைக் கொட்டில்கள் மூடின, 1830-களில் இராசகாரிய முறை நீங்கியதும் ஊழிய நிலத்தை நம்பி வாழ்ந்த கைவினைக்குடிகள் சிதறின. அவ்விடத்தை நிரப்ப விடுதிதான் வரவேண்டியிருந்தது என்பது கசப்பான வரலாறு. பழைய உலகிலும் இவ்வணிகள் தெய்வத்திற்கு மட்டும் உரியனவாக இருக்கவில்லை என்பது உண்மையே. விகாரைக் கதவில் உள்ள அதே கொடி, பாக்குவெட்டியின் கைப்பிடியிலும் சுண்ணாம்புச் சிமிழிலும் யானைத்தந்தச் சீப்பிலும் உண்டு. எனினும் கொடி என்பது சீப்புப் போன்றதன்று. கொடி ஒருவர் வரவைக் கூறுவது. விடுதியில் தொங்கும் கொடி யாருடைய வரவையும் கூறாது; அழகாக மௌனம் சாதிக்கும். கொழும்பு ஒபரோய் விடுதியின் உயர்ந்த நடுக்கூடத்திலே அவர் தொங்கவிட்ட நெடுங்கொடிகளையும் இம்மௌனம் பற்றியது. நிறமும் அளவும் நிறைந்திருந்தும், அவை யாருக்காகத் தொங்கின என்னும் வினாவுக்கு விடை இல்லை.

விடை கிடைத்த இடம் ஒன்றுண்டு. 1982-இல் திறக்கப்பட்ட ஸ்ரீ ஜயவர்த்தனபுரக் கோட்டைப் பாராளுமன்றக் கட்டடமும் பாவாவின் ஆக்கமே. அவைக்கூடத்தின் நடுவே லக்கி சேனாநாயக்கவின் வெள்ளித் தாலவோலை விளக்கு தொங்க, பழைய கொடி மரபைத் தழுவி ஈனா செய்த கொடிகள் அவையை அணி செய்தன. இங்கே கொடி தன் பழைய தொழிலுக்கு மீண்டது. ஊர்களின் சார்பாக வந்தோர் கூடும் அவையில் கொடி தொங்குவது வெறும் ஒப்பனையன்று. விதானம் என்ற அளவில் பெந்தோட்டையே சிறந்தது. கண்ணுக்கு விருந்து அங்கேதான் மிகுதி. ஆனால் அணி தன் பணியை அடைந்ததா என்று கேட்பின், பாராளுமன்றக் கொடிகளுக்கே யாம் முதலிடம் தருவோம்.

இப்பணிகளையெல்லாம் ஈனா என்ற ஒரு பெயரால் வழங்குவது எவ்வளவு பொருந்தும்? உருவரைந்தோர் பலர். மகன் அனில் ஜயசூரிய வரைந்தவை பல. லக்கி சேனாநாயக்க தொடக்க நாட்களிலிருந்து உடனுழைத்தவர். மெழுகு இட்டவரும் சாயம் தோய்த்தவரும் தைத்தவரும் வேறு. 1980-களின் தொடக்கத்தில் பொதுநலவாயத்தின் சார்பிற் பிரித்தானிய வேர்ஜின் தீவுகளுக்குக் கைப்பணி ஆலோசகராகச் சென்று வந்த பின், அவர் அலுவிகாரையிலே நிலையாகத் தங்கினார். அங்கே பத்திக்கோடு தையல், ஒட்டுத்துணி வேலை, பித்தளை வார்ப்பு, மரவேலை என்பனவும் வளர்ந்தன. பணி செய்தோர் அக்கம்பக்கத்துக் கிராமத்தவர், பெரும்பாலும் பெண்கள். ஒரு துணியில் நான்கு பேர் கைவேலை இருக்கும். அவர்களுடைய பெயர்கள் செய்தித்தாட்களில் வருவதில்லை.

இதனைக் குறையாகக் கூறுவோர்க்கு யாம் முழுதும் உடன்படோம். முழுதும் மறுக்கவும் மாட்டோம். கண்டிக் காலத்திலும் ஒரு விகாரையை ஒருவர் வரையவில்லை. சிற்றாசிரியன் வகுக்க, மாணாக்கர் நிரப்புவர். நட்டுவனார் ஆடுவதில்லை, ஆயினும் அரங்கில் நிகழ்வது அவர் ஆட்டமே. ஈனாவின் தொழில் தேர்தலும் விலக்கலும். எந்த உருவம் எவ்வளவு பெருக்கப்படலாம், எந்த நிறத்தின் பக்கத்தில் எது அமரலாம், எங்கே கொடிவேலையை நிறுத்திவிட வேண்டும் என்பவற்றை அவரே முடிவு செய்தார். பாக்குவெட்டியில் விரல் நீளமேயுள்ள அன்னப்பிணையலை ஆளுயரத் துணிக்குப் பெருக்கினால் நடுவே வெற்றிடம் வாய் திறக்கும். அதனை எதனால் நிரப்புவது என்பதே இக்கலையின் முதன்மையான சிக்கல். அவர் கூடத்துத் துணிகள் அச்சிக்கலைப் பழைய உருவை ஊதிப் பெருக்குவதால் அன்றி, உருவுக்குள் புதிய உருக்களை முளைக்கச் செய்வதால் தீர்த்தன. அது ஒரு மனத்தின் தீர்ப்பு. கைகளின் பெயர்களையும் அதனருகே எழுதிவைத்தல் கடனே. குமாரசுவாமி தம் நூலில் ஊர்க் கைவினைஞரைப் பெயர் கூறிக் குறித்ததை நாம் முன்மாதிரியாகக் கொள்ளலாம்.

எல்லாம் ஒரே தரத்தன என்று கூறோம். மேசை விரிப்பு, திண்டுறை, சிறு பரிசுப்பொருள் முதலியவற்றில் அதே பேருண்டமும் அதே ஞாயிறும் வரும்போது அவை சற்றுக் களைத்தே தோன்றுகின்றன. இதைவிட வருந்தத்தக்கது அவரைப் பின்பற்றி நாடெங்கும் முளைத்த பத்திக் வாணிகம். யானை, கண்டி நடனக்காரர், தென்னையோடு கூடிய அந்திவானம் ஆகிய மூன்றையும் எந்தக் கடையிலும் காணலாம். அத்துணி கொடியுமன்று, விதானமுமன்று, உடுக்கும் சேலையுமன்று. வெளிநாட்டு வீட்டுச் சுவரில் ஓர் ஆணியை எதிர்நோக்கிப் பிறந்தது. பணியற்ற அணி எத்துணை விரைவில் வெறும் அச்சாகிவிடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. அக்காலத்தவரான பாபரா சன்சோனி (1928-2022) கைத்தறித் துணியில் உருவங்களை அறவே விட்டு, நிறக்கோடுகளை மட்டும் கொண்டு இவ்விடர்ப்பாட்டைத் தவிர்த்தார். ஈனா உருவத்தை விடவில்லை. ஆகவே அவர் ஏற்ற இடர் பெரிது.

பொருள்கள் இடம்பெயர்தலைப் பற்றியும் ஒரு சொல். நம் மாவட்டத்து நாலந்தாக் கெடிகே என்னும் பல்லவச் சாயலுடைய கற்றளி, போவதென்ன நீர்த்தேக்கத்தின் பொருட்டு 1970-களில் கல் கல்லாகப் பிரிக்கப்பட்டு மேட்டில் மீண்டும் அடுக்கப்பட்டது. 1960-களின் தொடக்கத்தில் பாவா கொழும்பிலே ஈனாவுக்குக் கட்டிக் கொடுத்த முற்றவீடும் 2009-க்குப் பின் அவ்வாறே பிரிக்கப்பட்டு, பெந்தோட்டைக்கு அண்மையிலுள்ள லுணுகங்கைத் தோட்டத்தில் மறுபடி எழுப்பப்பட்டது. கல்லை எண்ணிட்டு எடுத்துச் செல்லலாம். அலுவிகாரையின் தையலை அவ்வாறு எடுத்துச் செல்ல இயலாது. தைப்பவள் மகளுக்குக் கற்றுக்கொடுக்காத நாளில் அது முடிந்துவிடும். அம்மையார் மறைந்து ஆண்டுகள் பல சென்றன. கூடம் எவ்வளவு காலம் அவர் கண்ணின் கண்டிப்போடு நடைபெறும் என்பது அங்கே ஊசி பிடிக்கும் இளம்பெண்களின் தொகையைப் பொறுத்தது.

இவ்விடத்தில் எம் தொழிலைப் பற்றிக் கூறாதிருத்தல் இயலவில்லை. பாடசாலைச் சித்திர வகுப்பில் லியவெல கற்பிக்கப்படுகின்றது. சுவரில் ஒரு படம் தொங்கும். மாணவர் சதுரத்தாளில் அதனைப் படியெடுப்பர். இருபுறமும் ஒத்திருந்தால் புள்ளி. அக்கொடி எதிலிருந்து புறப்படுகின்றது என்று எந்த வினாத்தாளும் கேட்பதில்லை. மகரத்தின் வாயிலிருந்தா, கலசத்திலிருந்தா, அன்னத்தின் வாலிலிருந்தா? அது படர வேண்டிய பொருள் கதவா, சீப்பா, பையா? பொருளைக் கூறாமல் அணியை மட்டும் கற்பிப்பது, பாட்டைக் கூறாமல் உவமையை மட்டும் மனனம் செய்விப்பது போன்றது. ஒருமுறை சதுரத்தாளை விலக்கி, பழைய துணிப்பைகளைக் கொடுத்து அவற்றின் வாயைச் சுற்றி எழுதும்படி கூறினோம். பெரும்பாலோர் வழக்கமான கொடியையே எழுதினர். தோட்டப்புறத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி மட்டும், தன் வீட்டு வாசலில் தாய் இடும் புள்ளிக்கோலத்தை வளையமாக வளைத்துப் பையின் வாய்க்குப் பூட்டிவிட்டாள். அழகில் அது முதலாவதன்று. பைக்குப் பொருந்தியது அதுவே.

நம்மிடம் பொருள்கள் இல்லாமலில்லை. மாத்தளை ஸ்ரீ முத்துமாரியம்மன் கோயில் மாசிமகத் திருவிழாவில் பஞ்சரதங்கள் வீதிவலம் வருகின்றன. நாடெங்கணுமிருந்து மக்கள் வந்து கூடுகின்றனர். தேர்களிலே சிவப்பும் வெள்ளையுமான சீலைகளும் உருண்ட தொம்பைகளும் தொங்குகின்றன. குடையும் ஆலவட்டமும் கொடியும் உடன் செல்கின்றன. கண்டிப் பெரகராவிலும் ஆலவட்டம் அதே பெயரோடு செல்வதை அறிந்தோர், இவ்விரு ஊர்வலங்களுக்குமிடையே எத்துணை நூல் ஓடியிருக்கின்றது என்று எண்ணிப் பார்த்தல் நலம். யாழ்ப்பாண மன்னர் நந்தியைக் கொடியிலும், நந்தியோடு சேது என்னும் எழுத்தைக் காசிலும் பொறித்தனர். அந்நந்தியைக் கடதாசியில் அச்சிட்டு விழா மேடையில் ஒட்டுவதோடு நம் முயற்சி முடிந்துவிடுகின்றது. ஈனா போன்ற ஒருவர் நம்மிடையே தோன்றவேண்டுமென்று வாழ்த்துரை கூறுவது எளிது. அவருக்கு முன் குமாரசுவாமியின் 1908-ஆம் ஆண்டு நூலும் பெரேராவின் 1916-ஆம் ஆண்டு நூலும் இருந்தன. அளவெடுத்து, படம் வரைந்து, பெயர் குறித்து வைத்தோர் முன்னே சென்றிருந்தனர். துணியணிகள் கல்வெட்டுப் போல நிலைப்பவை அல்ல. வெயிலும் மழையும் எண்ணெய்ப் புகையும் சில திருவிழாக்களிலேயே ஒரு சீலையை நைந்துவிடச் செய்யும். நைந்தது களையப்படும், புதியது நகரத்துத் தையற்காரரிடம் சொல்லிச் செய்யப்படும், அவர் கையிலுள்ள வெட்டுரு எதுவோ அதுவே அடுத்த ஆண்டுத் தேரின் அணியாகிவிடும்.

ஆலவட்டம் ஒன்றை அவிழ்த்துப் பார்க்கும் வாய்ப்பு அண்மையில் எமக்குக் கிடைத்தது. நடுவிலே செந்நிற வெல்வெட்டில் வெட்டித் தைத்த தாமரை. அதைச் சுற்றி மூன்று வளையம். ஓரத்தில் மஞ்சள் தொங்கல். வெளிவளையத்து இதழ்கள் முப்பத்திரண்டு. அவற்றுள் நான்கு மட்டும் பழைய, மங்கிய பட்டு. முந்திய ஆலவட்டத்தினின்று எடுத்து இதில் சேர்த்துத் தைத்தவர் யாரோ, காரணம் கருதியே நான்கு திசைக்கும் ஒவ்வொன்றாக வைத்திருக்கின்றார். வருகிற மாசிமகத்துக்கு முன்னர், எம் வகுப்பு மாணவர் நால்வர் அளவு நாடாவும் வரைதாளும் கொண்டு சீலைகளையும் தொம்பைகளையும் ஒவ்வொன்றாக வரைந்தெடுக்க இருக்கின்றனர்.